மே மாத வஞ்சிரம்

சென்னையில் ஏழெட்டு மேசை போட்டு மீன் சாப்பாடு போடும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும், வணக்கம்.

உங்கள் கடைகளில் சாப்பிட்டு வளர்ந்த வயிறு இது. ஏசி இல்லாவிட்டாலும், பக்கத்து ஆளின் முழங்கை என் இலைக்குள் வந்தாலும் எனக்குக் கோபம் வராது. தோசைக்கல்லில் மசாலா முறுகும் வாசனை தெருமுனையிலேயே இழுத்துவிடும்.

போன மே மாதம் ஒரு கடையில் உட்கார்ந்தேன், பெயர் வேண்டாம். "வஞ்சிரம் இருக்கு சார், இன்னைக்கு வந்தது" என்றார்கள். தட்டு வந்தது. கறிவேப்பிலை, எலுமிச்சைத் துண்டு எல்லாம் சரி. விரலால் அழுத்தினால் வஞ்சிரம் ஏடு ஏடாகப் பிரிய வேண்டும். இது பஞ்சு மாதிரி நசுங்கி, மசாலாவுக்கு அடியில் தண்ணீர் விட்டது. ஐஸில் எத்தனை நாள் கிடந்ததோ! துண்டு 350 ரூபாய்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடையால் நம் பக்கத்துக் கடலில் விசைப்படகு போகாது என்பது நான் சொல்லியா உங்களுக்குத் தெரிய வேண்டும்? காசிமேட்டில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். மேற்குக் கரையில் தடை ஜூனில்தான் தொடங்கும் என்பதால் மே மாதத்தில் அங்கிருந்து மீன் வரலாம், குளிர்க்கிடங்கிலிருந்தும் வரலாம். தப்பே இல்லை. எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட்டு விற்றால் போதும். "இன்னைக்கு வந்தது" மட்டும் வேண்டாம்.

பணம் கொடுக்கப் போனபோதுதான் பார்த்தேன், கல்லாவுக்குப் பின்னால் கடைக்கார அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டில் காரப்பொடி மீன் குழம்பு. விடியற்காலை நாட்டுப்படகில் கரையேறியதாம். நாட்டுப்படகுக்குத்தான் தடை கிடையாதே.

"எங்களுக்கு ஏன்க்கா போடல?"

"முள்ளு சார். வர்றவங்க வஞ்சிரம்தான் கேக்குறாங்க."

அதுவும் உண்மைதான். பெயர் தெரிந்த ஒரே மீனையே கேட்டுக் கேட்டு உங்களைப் பழக்கியது நாங்கள்தான். இருந்தாலும் அக்கா ஒரு கரண்டி ஊற்றினார். மாங்காய் போட்ட குழம்பு. நின்றுகொண்டே இன்னொரு தட்டு சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

கேட்பது இவ்வளவுதான். வாசலில் ஒரு கரும்பலகை வையுங்கள். அன்று வந்த மீன் நெத்திலியோ மத்தியோ கிழங்கானோ, பெயரையும் விலையையும் எழுதுங்கள். நண்டுக்கு மட்டும் "சைஸ் பார்த்துப் போடுவோம்" என்று நழுவ வேண்டாம். வஞ்சிரம் இல்லாத நாளில் இல்லை என்றே எழுதுங்கள். எழுந்து போக மாட்டோம், முள் எடுக்கத் தெரியும்.

வரும் சனிக்கிழமை ஒரு மணிக்கு வருகிறேன். காரப்பொடி வந்தால் கொஞ்சம் எடுத்து வையுங்கள், அக்கா.

இப்படிக்கு,
மூன்றாவது மேசை, ஜன்னல் ஓரம்