பிடுங்கிய இடத்திலேயே பல் செட்டும் கட்டித் தாருங்கள்

மதிப்பிற்குரிய மருத்துவத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். நீலகிரியில் எங்கள் பக்கத்து அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நாற்காலி உண்டு, டாக்டர் உண்டு, குறடும் உண்டு. பல் செட் செய்யும் டெக்னீஷியனும் லேபும்தான் இல்லை. வாரத்தில் ஒரு நாளாவது அந்த வேலை இங்கேயே நடக்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

என் அம்மா தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆடிக்கொண்டிருந்த மிச்சப் பற்களை அங்கேதான் எடுத்தார்கள். நல்லபடியாகவே எடுத்தார்கள், குறை சொல்லவில்லை. "ஈறு ஆறட்டும், அப்புறம் கோயம்புத்தூர் போய் செட் கட்டிக்குங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

செட் கட்டுவது ஒரே நாளில் முடிகிற காரியமா? முதலில் ஒரு அளவு, மறுபடி ஒரு அளவு, கடி சரிபார்க்க ஒரு நாள், மெழுகில் பல் அடுக்கிப் போட்டுப் பார்க்க ஒரு நாள், செட் வாங்க ஒரு நாள். பிறகு ஈறில் உரசுகிற இடத்தை ராவிவிட இன்னும் ஒன்றிரண்டு முறை. ஒவ்வொன்றுக்கும் குன்னூர் வந்து, 14 கொண்டை ஊசி வளைவு இறங்கி, மேட்டுப்பாளையம் தாண்டிப் போக வேண்டும். அம்மாவுக்குப் பாதி வழியிலேயே வாந்தி. கூடப் போகிற எனக்கு அன்றைய கூலி கிடையாது. மெழுகுப் பல் போட்டுப் பார்க்க வேண்டிய வாரம் பர்லியார் பக்கம் மண் சரிந்து பாதையை அடைத்துவிட்டார்கள். அடுத்து அம்மாவுக்குக் காய்ச்சல். கடைசியில் போய்ச் சேர்ந்தபோது பழைய அளவு பொருந்தவில்லை. பல் எடுத்த முதல் சில மாதங்களில்தான் தாடை எலும்பு வேகமாகக் கரையுமாம். எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கச் சொன்னார்கள். "எனக்குப் பல்லே வேணாம் சாமி" என்று அம்மா பஸ் ஏற மறுத்துவிட்டார்.

இப்போது அவருக்குக் கஞ்சி, குழைந்த சோறு, டீயில் ஊறிய வர்க்கி. ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததில் எங்களுக்கும் பெருமைதான். கடிப்பதற்குத்தான் வழியில்லை.

மே மாதம் வந்தால் தாவரவியல் பூங்காவில் கார்னேஷனையும் ரோஜாவையும் அடுக்கிக் கோட்டை கொத்தளமே எழுப்புகிறோம். வருகிறவர்கள் பல் தெரியச் சிரித்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அத்தனை பூ அடுக்க ஆள் கிடைக்கிற ஊரில், மெழுகில் ஒரு வரிசைப் பல் அடுக்க ஆள் கிடைக்காதா? காப்பாற்றக்கூடிய பல்லுக்கும் இதே கதைதான். வேர் சிகிச்சை செய்து கேப் போட்டால் நிற்கும் பல்லைக்கூட, கீழே போக முடியாதவர்கள் பிடுங்கிவிடச் சொல்கிறார்கள்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எலும்பில் டைட்டானியம் திருகு பதித்துக் கட்டும் இம்பிளாண்ட்டை நாங்கள் கேட்கவில்லை. கழற்றி மாட்டும் சாதாரண அக்ரிலிக் செட் போதும். அளவு எடுப்பதும் பொருத்துவதும் ராவுவதும் மலையிலேயே நடக்கட்டும். லேப் வைக்க இடமில்லை என்றால், எடுத்த அளவைக் கீழே அனுப்பிச் செட்டை வரவழையுங்கள். அச்சு பஸ்ஸில் போகலாம், அதற்கு வாந்தி வராது.

வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கித் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அது எந்தக் கிழமை என்பதை மருத்துவமனை வாசலில் எழுதி வைத்தால், தோட்டத்தில் முன்கூட்டியே லீவு சொல்ல வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகள்,
நீலகிரி