அபர்டவி ஊராருக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள அபர்டவி ஊர் மக்களுக்கு,

நன்றி சொல்ல உட்கார்ந்தால் எனக்குத் தமிழ்தான் வருகிறது. மகள் இதை இந்த வேல்ஸ் நாட்டு மொழியான வெல்ஷில் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அதை எழுதிக் கடைக் கதவில் ஒட்டுகிறோம். தமிழில் எழுதியது என் சொந்தபந்தங்களுக்கும் போகட்டும். நான் எங்கே, யார் நடுவில் இருக்கிறேன் என்று அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

பிப்ரவரியில் வீட்டுக்காரரிடமிருந்து காலி செய்யச் சொல்லி ஆறு மாத நோட்டீஸ் வந்தது. விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாரக் கணக்கில் விடப்போகிறாராம். கோபம் வரவில்லை என்றால் பொய். ஆனால் அவர் சட்டப்படிதான் நடந்தார். வேல்ஸில் 2022 டிசம்பரில் சட்டம் மாறியதால்தான் ஆறு மாதமாவது கிடைத்தது. முன்பெல்லாம் இரண்டே மாதம்.

டவி ஆறு கடலில் கலக்கும் இந்த ஊரில் வீடு தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வாடகைக்கு ஒன்றும் இல்லை, ஆனால் வீடுகள் சும்மா கிடக்கின்றன. ஜனவரியில் இரவு ஷிஃப்ட் முடித்து வரும்போது எங்கள் வரிசையில் விளக்கு எரியும் ஜன்னல்களை எண்ணுவேன். பதினான்கு வீட்டில் ஐந்து. இரண்டாம் வீடு வைத்திருப்பவர்களிடம் எங்கள் பகுதி உள்ளாட்சியான குவினெத் கவுன்சில் 2023 ஏப்ரலிலிருந்து வழக்கமான வீட்டு வரிக்கு மேல் 150 சதவீதம் கூடுதல் வரி வாங்குகிறது. அதாவது மொத்தம் இரண்டரை மடங்கு. அதையும் கட்டிவிட்டுப் பூட்டி வைக்க முடிகிறவர்களோடு ஒரு நர்ஸ் சம்பளம் எப்படிப் போட்டி போடும்?

மகாந்லெத் பக்கம் போய்விடலாம் என்று பெட்டி கட்டத் தொடங்கியபோதுதான் கடைக்கார அம்மா கேட்டார்: "நைனிடம் கேட்டாயா?" இந்தப் பக்கத்து வெல்ஷில் நைன் என்றால் பாட்டி. அவருக்கு வயது எண்பத்திரண்டு. மேல் தெருவில் தங்கை விட்டுப்போன வீடு அவர் கையில் இருந்தது. நாலு லட்சம் பவுண்டுக்குக் குறையாமல் போகும் என்று ஏஜென்ட் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். நைன் என் மகளிடம் வெல்ஷில் ஏதோ கேட்டார், அவளும் வெல்ஷிலேயே பதில் சொன்னாள். "சரி, சாவியை வாங்கிக்கொள்" என்றார். என்ன பேசினார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறதா என்று கேட்டாராம். வாடகை பழைய வீட்டைவிட ஒரு பவுண்டுகூட அதிகமில்லை.

நைன், நீங்கள் வேண்டாம் என்று விட்ட தொகை எவ்வளவு என்று எனக்குத் தெரியும். இங்கே பிறந்து வளர்ந்த எத்தனையோ பிள்ளைகள் வீடு கிடைக்காமல் ஊரைவிட்டுப் போனதும் தெரியும். அவர்களில் ஒருவருக்குக் கொடுத்திருக்கலாமே என்று ஒரு நாள் கேட்டேன். "என் பேரன் கார்டிஃபை விட்டு வர மாட்டான், நீ பேசாமல் டீயைக் குடி" என்றீர்கள்.

வீடு மாறிய அன்று மழை. அந்தப் படிக்கட்டுக்கு வேன் ஏறாது. கீழிருந்து மேல்வரை பதினொரு பேர் வரிசையாக நின்று கைமாற்றிக் கொடுத்தீர்கள். படகுத்துறையில் நண்டு பிடிக்கப் போக வேண்டிய பிள்ளைகள் தலையணைகளைத் தூக்கினார்கள். என் கிரைண்டரைத் தூக்கிய இரண்டு மீனவர்கள் பாதி வழியில் கீழே வைத்துவிட்டு, உள்ளே என்ன, நங்கூரமா என்று கேட்டார்கள். மாவரைக்கும் கல் என்றேன். நம்பவில்லை. அலை ஏறும் நேரம், படகுத்துறைக்கு அடியில் தொங்கும் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடலுக்குள் போன பழைய ஊரின் மணியோசை இன்னும் கேட்கும் என்பது இங்கத்திய கதை. 2011இல் மாட்டிய இந்த மணியை அலையே அடிக்கிறது. அன்றைக்கு அது எங்களுக்காகவே அடித்தது என்று என் மகள் இன்னும் சாதிக்கிறாள்.

அப்புறம், டிரெய்லர் கொடுத்தவருக்கும், அன்று எனக்காக ஷிஃப்ட் மாற்றிக்கொண்ட தோழிக்கும், யாரென்று சொல்லாமல் வாசலில் விறகுக் கட்டு வைத்துவிட்டுப் போனவருக்கும்: தியோல்ஹ் ஓ காலோன். நெஞ்சார நன்றி.

சனிக்கிழமைக்கு மாவு அரைத்து வைத்திருக்கிறேன். பத்து மணியிலிருந்து தோசை. மீனவர்கள் இருவரும் கட்டாயம் வர வேண்டும், கல் சுற்றுவதைக் காட்டுகிறேன். வீடு மாறிய அன்று யாரோ விட்டுப்போன பச்சை மழைக்கோட்டு இன்னும் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. வரும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மேல் தெரு நர்ஸ்