தண்ணி பாட்டிலும் 300 ரூவா 30 காசும்

பாப்பா,

நல்லாருக்கியாத்தா, மாப்ள நல்லாருக்காரா. பெங்களூருல உங்க வீட்ல இருந்து கெளம்புன நாங்க ரவைக்கு பத்து மணிக்கு மேல மதுரைல நம்ம வீடு வந்து சேந்தோம். வந்தே பாரத்துல டிபன் குடுத்தாங்க, உங்கம்மா ஒரு வாய் வச்சுப் பாத்துட்டு அப்படியே மூடிட்டா, மாப்ள கிண்டிக் குடுத்த புளியோதரையத்தான் திண்டுக்கல் வர்ற வரைக்கும் வச்சு வச்சு சாப்பிட்டா. நல்லாருந்துச்சுன்னு சொல்லச் சொன்னா, பெருங்காயம் மட்டும் ஒரு சிட்டிகை கம்மியாம்.

இதெல்லாம் போன்ல சொல்லிருக்கலாம்தான், ஆனா சொன்னா நீ "விடுங்கப்பா, பரவால்ல"ன்னு ரெண்டு வார்த்தைல முடிச்சிருவ. ஞாயித்துக்கெழம மாப்ள நம்மள சாப்பிட கூட்டிட்டுப் போன ஓட்டல்ல பில்லப் பாத்துட்டு நான் சத்தம் போட்டேன்ல, அங்க இருந்து ஆட்டோவுல வீட்டுக்கு வர்ற வரைக்கும் நீ வாயத் தெறக்கல, வெளிய பாத்துக்கிட்டே வந்த, அது இங்க வந்தும் எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு. அதான் திண்ணைல உக்காந்து போன்ல டைப் அடிக்கிறேன், பிழை இருந்தா நீயே திருத்தி படிச்சுக்க.

மொதல்ல நான் பண்ணுன தப்ப சொல்லிர்றேன். சப்ளையர் பையன் வந்து "ரெகுலர் வாட்டரா மினரல் வாட்டரா"ன்னு கேட்டான், நான் பதில் சொல்றதுக்குள்ள நீ மினரல்னுட்ட. நம்மூர்ல நீ சேர இழுத்துப் போட்டு உக்காருறதுக்கு முன்னாடியே டம்ளர் டொக்குனு வந்துரும், தண்ணிக்குன்னு ஒரு கேள்வியே கெடையாது. அங்க பில்லுல ரெண்டு பாட்டில் தண்ணி 160 ரூவான்னு பாத்ததும் சுருக்குன்னுச்சு, பாட்டில திருப்பிப் பாத்தா அதுல 20 ரூவான்னுதான் அடிச்சிருக்கு, உடனே "எம்ஆர்பிக்கு மேல விக்கக்கூடாதுன்னு தெரியும்ல தம்பி"ன்னு கொஞ்சம் சத்தமாவே கேட்டுட்டேன். பக்கத்து டேபிள்ல திரும்பிப் பாத்தாங்க. ஊருக்கு வந்தப்பறம் நான் கல்லாவுல வேல பாத்த ஓட்டல் முதலாளி மகன்ட்ட சொல்லிப் பொலம்புனா அவரு சிரிக்கிறாரு. 2017 டிசம்பர்லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சாம்ல, ஓட்டல்ல உக்கார வச்சு குடுக்குறது பொட்டிக்கடைல பாட்டில் விக்கிற மாதிரி வெறும் விற்பனை இல்ல, அந்த எடம், ஏசி, பரிமாறுறதுன்னு எல்லாம் அதுல சேரும், அதனால எம்ஆர்பிக்கு மேல வாங்குனா குத்தம் இல்லன்னு. எனக்கு இது தெரியாது, நான் ரிட்டையர் ஆகப்போற நேரத்துல வந்த தீர்ப்பு, எங்க கடைல பாட்டில எம்ஆர்பிக்குத்தான் குடுத்தோம். ஆக தண்ணி விஷயத்துல நான் கத்துனது தப்பு. அந்தப் பையன் முகம் செத்துப்போச்சு, அடுத்த தடவ அந்தப் பக்கம் போனா அவன்ட்ட ஒரு வார்த்தை சொல்லணும். ஆனா ஒண்ணு, அவன்தான ரெகுலர் வேணுமான்னு கேட்டான், அதக் கேட்டு வாங்கிக் குடிச்சா நம்ம கௌரவம் எங்குட்டும் போயிராது.

சர்வீஸ் சார்ஜ் விஷயத்துல மட்டும் நான் எறங்கி வரமாட்டேன். 26 வருஷம் கல்லாவுல உக்காந்தவன், பில்லு தலகீழா இருந்தாலும் படிச்சிருவேன். சாப்பிட்டது 2,860 ரூவா. அதுக்கு 10 பர்சன்ட் சர்வீஸ் சார்ஜ் 286. ரெண்டையும் கூட்டி அதுக்கு மேல அஞ்சு பர்சன்ட் ஜிஎஸ்டி, 157 ரூவா 30 காசு, ஆக 3,303 ரூவா 30 காசு. "வரின்னா கட்டித்தான ஆகணும் மாமா"ன்னு மாப்ள சொன்னாரு பாரு, அங்கதான் எனக்கு மனசு கேக்கல. அது வரியே இல்லத்தா. கவர்மெண்ட்டுக்கு போறது சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டின்னு ரெண்டரை ரெண்டரையா போட்டுருக்கே அது மட்டும்தான். சர்வீஸ் சார்ஜ் ஓட்டல்காரன் தானா போட்டுக்கிறது. 2022 ஜூலைலயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அத பில்லுல தானா சேக்கக்கூடாது, வேற பேர்லயும் வாங்கக்கூடாதுன்னு சொல்லிருச்சு, ஓட்டல் சங்கங்க கோர்ட்டுக்கு போயும் 2025 மார்ச்சுல டெல்லி ஐகோர்ட்டு அது சரிதான்னு தீர்ப்பு குடுத்துச்சு. எடுக்கச் சொன்னா எடுக்கணும், மாட்டேன்னா 1915க்கு ஒரு போன் போடலாம். அந்த மேனேஜருக்கும் இது தெரியும், "எடுத்துர்றேன் சார்"னு சொல்ல வாயெடுத்தாரு, அதுக்குள்ள மாப்ள கார்ட நீட்டிட்டாரு. எடுத்துருந்தா அந்த சார்ஜும் அதுக்கு போட்ட வரியும் சேந்து 300 ரூவா 30 காசு மிச்சம். நம்ம தெருமுக்குல சாயங்காலம் இட்லிச்சட்டி வைக்கிற ஆச்சிகிட்ட நம்ம நாலு பேரும் நாலு சட்னியோட வயிறு முட்ட தின்னாலும் 300 ரூவா வராது. பணம் மாப்ளயுது, நான் பேசுனது அவருக்கு சங்கடமாத்தான் இருந்துருக்கும், மாமனார் மொத தடவ வந்துருக்காருன்னு ஆசையா கூட்டிட்டுப் போனவருட்ட நான் கால்குலேட்டர தூக்கிட்டேன். அது எனக்கே வெக்கமாத்தான் இருக்கு, அவருட்ட சொல்லிரு.

அதுக்காக ஓட்டல்காரன் எல்லாம் கொள்ளக்காரன்னு நான் சொல்றேன்னு நெனச்சுக்கிறாத. அந்தக் காசுலதான் உன்னையப் படிக்க வச்சேன். நாலு ரூவா மாவ நாப்பது ரூவாய்க்கு விக்கிறானேன்னு கேக்குறவங்களுக்கு கல்லாவுக்கு பின்னாடி என்ன நடக்குதுன்னு தெரியாது. அட்வான்ஸ், வாடக, சரக்கு மாஸ்டர் சம்பளம், பரோட்டா மாஸ்டர் திடீர்னு சொல்லாம கொள்ளாம ஊருக்கு போயிட்டா அன்னைக்கு தெண்டச் சம்பளம் குடுத்து வேற ஆளு, வேல செய்யிற அத்தன பேருக்கும் மூணு வேள சாப்பாடு தங்க ரூம், வீட்டு சிலிண்டர் 14 கிலோ சொச்சம், கடைக்கு 19 கிலோ சிலிண்டர் அது வேற ரேட்டு, கரண்டும் வேற ரேட்டு, ரவைக்கு மிஞ்சுன சாம்பார ஊத்துறது, இதெல்லாம் அந்த ரெண்டு இட்லி மேலதான் ஏறி உக்காரும். 2017 ஜூலைல ஜிஎஸ்டி வந்தப்ப கல்லாவுல நான் பட்ட பாடு உனக்கு ஞாபகம் இருக்கும், ஏசியே இல்லாத கடைக்கு 12 பர்சன்ட், கடைல ஒரு ஹால்ல ஏசி இருந்தாலும் மொத்த கடைக்கும் 18, ஏசி இல்லாம வெளிய உக்காந்து பொங்கல் தின்னவங்களுக்கும் 18 போடணும், வர்றவங்க எல்லாம் என்னையத்தான் திட்டுனாங்க. நவம்பர் 15ல இருந்து நம்ம மாதிரி கடைக்கு ஏசி இருந்தாலும் இல்லாட்டியும் அஞ்சுன்னு கொறச்சாங்க, ஆனா சாமான் வாங்குறப்ப கட்டுன வரிய கழிச்சுக்க முடியாதுன்னுட்டாங்க, உடனே எங்க முதலாளி காபிக்கு ஒரு ரூவா, தோசைக்கு மூணு ரூவா ஏத்துனாரு. வரி கொறஞ்ச நாள்லயே ரேட்டு ஏறுன போர்ட எழுதுனது நான்தான், சாக்பீஸ் புடிச்ச கையி இதுதான்.

இன்னொரு ரகசியம் சொல்றேன். சாப்பாடு கூட்டத்த கூட்டும், காபிதான் காச கூட்டும்னு எங்க முதலாளி சொல்லுவாரு. அளவில்லா சாப்பாட்டுல ஒருத்தன் மூணு தடவ சோறு வாங்குனா அன்னைக்கு அவன்ட்ட நமக்கு ஒண்ணும் நிக்காது. ஆனா காபி அப்படி இல்ல, ஆவின் பச்ச பாக்கெட் அரை லிட்டர்ல அஞ்சு காபி போடலாம், டிகாஷன் சீனி எல்லாம் சேத்தா ஒரு காபிக்கு எட்டு ரூவா ஆகுமா, அவ்ளோதான். ஜூஸு, சோடா, ஐஸ்கிரீம் எல்லாம் அந்தக் கணக்குதான். அதனாலதான் எங்க போனாலும் உக்காந்த ஒடனே "குடிக்க என்ன சார்"னு மொதல்ல கேக்குறான். நீங்க போற எடத்துல காபி 120 ரூவா. உங்க தெரு முனைல நின்னுக்கிட்டே சாப்பிடுற தர்ஷினில 20 ரூவாய்க்கு குடிச்சேன், நொரையோட, வாய்ல டிகாஷன் வாசம் அரைமணி நேரம் நின்னுச்சு, காலைல வாக்கிங்னு சொல்லிட்டு மூணு நாளும் அங்கதான் போனேன்.

அப்பறம் அந்த மெனுல "மதுரை ஜிகர்தண்டா" 210 ரூவான்னு போட்டுருந்தது, உங்கம்மா ஆர்வத்துல சொல்லிட்டா. கண்ணாடி ஜாடில காயிதக் கொடை குத்தி வந்துச்சு, ஒரே ரோஸ் கலரு. நன்னாரி இல்ல, கடல்பாசி கண்ணுக்கே தெரியல, பால சுண்டக் காச்சவே இல்ல. விளக்குத்தூண் பக்கம் வெயில்ல நின்னு குடிச்ச நமக்கு அத எப்படி எறக்குறது, உங்கம்மா ரெண்டு வாய் குடிச்சுட்டு என் பக்கம் தள்ளி விட்டா, 210 ரூவாயாச்சேன்னு நான் கடைசி வரைக்கும் உறிஞ்சுனேன்.

சரி நேத்து காலைல என்ன பண்ணேன்னா ஒரு பேப்பர் எடுத்து கணக்கு போட்டேன், உனக்கு போட்டோ எடுத்து அனுப்பலாம்னு. இட்லி அரிசி ஒரு கிலோ 50 ரூவா, உளுந்து கால் கிலோ 35 ரூவா, வெந்தயம் உப்பு கொசுறு, அம்பது இட்லிக்கு மேல வரும், ஒரு இட்லி ரெண்டு ரூவா கூட ஆகல. எவ்ளோ பெரிய கண்டுபுடிப்புன்னு உங்கம்மாட்ட காமிச்சேன். அவ கண்ணாடிய மாட்டி மேல இருந்து கீழ வரைக்கும் படிச்சுட்டு "எனக்கு எம்புட்டு போட்டுருக்கீங்க"ன்னா. எனக்கு புரியல. "அரிசி ஊறப்போட்டது, கிரைண்டர்ல ஆட்டுனது, குழவிய தூக்கி கழுவுனது, ரவைக்கு மாவு பொங்குதான்னு எந்திரிச்சு பாத்தது, விடியக்கால வேக வச்சது, இட்லித்துணி அலசுனது, இதுக்கு கூலி எங்க, உங்க ஓட்டல்ல மாவாட்டுற ஆளுக்கு சம்பளம் குடுத்தீங்கல்ல"ங்குறா. அந்தப் பேப்பர உனக்கு அனுப்பல, மடிச்சு சட்டப் பைல வச்சுக்கிட்டேன்.

அவ சொன்னதுல எனக்கு வேற ஒண்ணும் ஞாபகம் வந்துச்சு. 26 வருஷமும் காலைல, மத்தியானம், ரவைக்குன்னு நான் சாப்பிட்டது ஓட்டல்லதான், கடைல சும்மா கெடைக்குதுல்ல, வீட்டுக்கு செலவு மிச்சம்னு பெருமையா வேற சொல்லிக்குவேன். செவ்வாக்கெழம ஒருநாள்தான் எனக்கு லீவு. நீ ஸ்கூல் விட்டு வந்து உங்கம்மாவோட அடுப்படிலயே உக்காந்து தின்ன சோத்துல என் தட்டு இருந்ததே இல்ல. இப்ப ரிட்டையர் ஆகி வீட்ல உக்காந்தப்பறம்தான் அவ வைக்கிற ரசம் கொதி வர்றப்பவே எறக்குற ரசம்னு எனக்குத் தெரியும். இந்த லட்சணத்துல உனக்கு நான் வீட்ல சமைச்சு சாப்பிடுன்னு புத்தி சொல்லக் கெளம்பிட்டேன்.

ஆனாலும் நீ போன்ல சாப்பாடு ஆர்டர் போடுற அந்த ஆப்பு விஷயம் சொல்லாம இருக்க முடியல. சிங்க்குக்கு கீழ அடுக்கி வச்சிருந்த கறுப்பு பிளாஸ்டிக் டப்பாவ உங்கம்மா எண்ணிட்டா, 34. போன மாசம் 11,000 ரூவா சொச்சம்னு நீயே போன்ல காமிச்ச. ஒரு நாள் ரவைக்கு பதினோரு மணிக்கு ஒரு சாம்பார் சாதம் வந்துச்சே, டெலிவரி சார்ஜ், பேக்கிங் சார்ஜ், பிளாட்பார்ம் பீஸு, அதுக்கெல்லாம் வரின்னு சோத்து வெலைல முக்காவாசி அதுக்கு மேல வந்துருந்துச்சு. இங்க நம்ம தெரு மெஸ்காரருட்ட விசாரிச்சேன், ஆப்புல கமிஷன் போக கையில நிக்கணும்னா ரேட்ட ஏத்தித்தான் போடணும், நேர்ல வந்து வாங்குனா பழைய ரேட்டுதான்னாரு. ஆக நீ வீட்ல இருந்து வாங்குற தோசையும் கடைல உக்காந்து தின்னுற தோசையும் ஒரே ரேட்டு இல்ல, வீட்டுக்கு வர்றது ஆறிப்போனதுக்கும் சேத்து கூட காசு. கறி தோசைய பார்சல் வாங்கி திங்கிறவன கோனார் கடைல எப்படி பாப்பாங்க தெரியும்ல, முட்டையும் கறியும் கல்லுல இருந்து எலைக்கு வந்தாத்தான் அது கறி தோசை.

நீ எட்டு மணி வரைக்கும் ஆபீஸ்ல இருக்க, அப்பறம் வந்து நின்னு பொரியல் பண்ணுன்னு சொன்னா உங்கம்மா என்னையத்தான் அடிக்க வருவா. "சொல்றதுன்னா ரெண்டு பேருக்கும் சேத்து சொல்லுங்க, புளியோதரை கிண்டத் தெரிஞ்சவருக்கு ரசம் வைக்கத் தெரியாதா"ங்குறா. மாவு பாக்கெட்ல வாங்கிக்கோங்க, அதுல ஒண்ணும் கொறஞ்சு போயிராது. அவ பருப்புப்பொடி, இட்லிப்பொடி, கறிவேப்பிலப் பொடி மூணும் இடிச்சு வச்சிருக்கா, நம்ம எதுத்த வீட்டு தம்பி வியாழக்கெழம பெங்களூரு வர்றான், குடுத்து விடுறேன், அவன் கண்டோன்மெண்ட்ல எறங்குவான், மாப்ளய போய் வாங்கிக்கச் சொல்லு. அந்த 34 டப்பால இருந்து ஆறு டப்பாவ அவ பைல போட்டு கொண்டு வந்தா, பொடி அதுலயேதான் வருது.

சித்திரைக்கு ரெண்டு பேரும் வாங்க. அழகர் எறங்குறப்ப பந்தலுக்கு பந்தல் மோரும் பானகமும் குடுப்பாங்க, மாப்ளக்கு ஜிகர்தண்டா நான் வாங்கித் தர்றேன், நன்னாரி போட்டது.

இத முழுசா உங்கம்மாட்ட படிச்சுக் காமிச்சேன். அந்த ஓட்டல்ல அவ குடிச்ச லைம் சோடா நல்லாருந்துச்சாம், அத ஏன் எழுதலன்னு கேக்குறா. 140 ரூவான்னு சொன்னேன், இருந்துட்டுப் போகுது, நல்லாருந்தது நல்லாருந்ததுதானங்குறா. அதுல பச்சையா ஒரு எலை கெடந்துச்சே, புதினாவா துளசியான்னு மாப்ளைட்ட கேட்டு சொல்லுவியாம், வீட்ல போட்டுப் பாக்கணுமாம்.

அப்பா