மதியம் திரும்பி வர முடிகிற அறை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. படித்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். அன்று இரவே அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. காகிதத்தை அப்படியே மடித்து வைத்துவிட்டேன். இப்போது தேறிவிட்டாள். காலையில் தானே எழுந்து வாசல்வரை நடந்து, "அவளுக்குப் பதில் எழுதினாயா?" என்று கேட்டாள். உன்னைத்தான் கேட்டாள். அதனால் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு எழுதுகிறேன்.

உன் மகள் தேர்வுகளை முடித்துவிட்டாள் என்பதைப் படித்ததும் எனக்கே பாரம் இறங்கியதுபோல் இருந்தது. மலைக்கும் கடலுக்கும் போகாமல், இந்தக் கோடையில் ஒரு பெரிய நகரத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடிப்பதாக எழுதியிருக்கிறாய். அவள் விருப்பத்துக்கே விடு. பதினெட்டு வயதில் ஒரு பெரிய நகரத்தின் தெருக்களில் நடப்பது வேறெந்த வயதிலும் கிடைக்காத அனுபவம். எந்த நகரம் என்று முடிவாகாத நிலையிலேயே நீ விடுதி தேடத் தொடங்கிவிட்டது உன் சுபாவத்துக்குப் பொருத்தம்தான். என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறாய்: நகர மையத்திலிருந்து எத்தனை கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், எத்தனை நட்சத்திர விடுதியாக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் சற்று நேரம் ஒதுக்கி வை. சென்ற கோடையில் எனக்கு நடந்ததை முதலில் சொல்கிறேன்.

நானும் அவரும் அம்மாவும் நான்கு நாள் பயணமாக ஒரு நகரத்துக்குப் போயிருந்தோம். விடுதியை நான்தான் தேர்ந்தெடுத்தேன். 'மையத்திலிருந்து 1.2 கிலோமீட்டர்' என்று போட்டிருந்தது. படங்கள் அழகாக இருந்தன, மதிப்பெண்ணும் நன்றாகவே இருந்தது. போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அந்த 1.2 கிலோமீட்டர் பறவை பறக்கிற தூரம் என்று. விடுதிக்கும் பழைய நகரத்துக்கும் நடுவே ஓர் ஆறு ஓடியது. பாலம் வெகுதூரம் தள்ளி இருந்தது. நடந்தால் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர், அதிலும் பாதிக்கு மேல் நிழலே இல்லாத ஆற்றங்கரைச் சாலை.

முதல் நாள் எட்டு மணிக்குக் கிளம்பினோம். காலை முழுவதும் அருமையாகப் போனது. பன்னிரண்டு மணிக்கு வெயில் ஏறியதும் அம்மா களைத்துவிட்டாள். அறைக்குப் போய்ப் படுத்துவிட்டு மாலையில் வரலாம் என்றால், போய்வரும் அலைச்சலே ஓய்வைத் தின்றுவிடும். ஓர் அருங்காட்சியகத்தின் வாசற்படியில், தூண் நிழல் நகர நகர நாங்களும் நகர்ந்து உட்கார்ந்து, மூன்று மணி நேரத்தை ஓட்டினோம். அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இரவில் அவள் காலைப் பார்த்தபோது கணுக்கால் வீங்கியிருந்தது. மறுநாள், "நீங்கள் போய்வாருங்கள், நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்கிறேன்" என்றாள். மீதி மூன்று நாளும் அவள் பார்த்த நகரம் அந்த ஜன்னலில் தெரிந்த அளவுதான். அது இன்னும் என்னை உறுத்துகிறது. உன் அம்மாவும் உங்களோடு வரப்போகிறார்கள் என்று நீ எழுதியதால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

அந்தப் பயணத்தில் எனக்கு உறைத்தது இதுதான். கோடையில் நகரம் பார்க்கிறவருக்கு ஒரு நாள் என்பது இரண்டு நாள். காலை ஒன்று, மாலை ஒன்று. நடுவில் இருக்கிற உச்சிப்பொழுது நகரத்துக்குச் சொந்தமில்லை, அறைக்குச் சொந்தம். அந்தப் பொழுதில் அலுப்பில்லாமல் திரும்பி வந்து, குளித்து, ஒரு தூக்கம் போட்டு, மறுபடி புதிதாகக் கிளம்ப முடிகிறதா? முடிந்தால் அது நல்ல இடத்தில் இருக்கிற விடுதி. முடியாவிட்டால், மையத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதில் அர்த்தமே இல்லை. எந்த விடுதியைப் பார்த்தாலும், பகல் ஒரு மணிக்கு உன் அம்மா அங்கே எப்படித் திரும்பிப் போவார்கள் என்று மனத்துக்குள் ஒருமுறை நடந்து பார்.

மாலைப் பொழுது எவ்வளவு நீளம் என்பது நகரத்துக்கு நகரம் மாறும். பாரிஸில் ஜூன் மாதக் கடைசியில் சூரியன் மறைய இரவு 10 மணி ஆகிவிடும். ஒரு மணியிலிருந்து ஐந்து மணிவரை நன்றாக ஓய்வெடுத்தாலும் இன்னும் ஐந்து மணி நேரம் வெளிச்சம் பாக்கி இருக்கும். பூமத்திய ரேகையை ஒட்டிய சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஏழு மணியளவில் இருட்டிவிடும். அங்கே மாலைக்கு ஏற்ற இடங்கள் விடுதிக்குப் பக்கத்திலேயே இருந்தால்தான் நல்லது. எனவே நகரத்தை முடிவு செய்ததும், விடுதிக்கு முன்பாக அங்கே சூரியன் மறைகிற நேரத்தைப் பார்த்துக்கொள்.

தூரத்தைப் பற்றி. நல்ல உடம்புள்ளவர் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடப்பார். 400 மீட்டருக்கு ஐந்து நிமிடம். வெயிலில், வயதானவரோடு நடந்தால் அதை இரட்டிப்பாக வைத்துக்கொள். வரைபடத்தில் நேர்கோட்டுத் தூரத்தை நம்பாமல், நடைவழியைக் கேட்டுப் பார். ஆறு, ரயில் பாதை, நடக்கிறவர் கடக்க முடியாத அகலச் சாலை இவற்றில் ஏதாவது குறுக்கே இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார். ஏற்றத்தையும் மறக்காதே. லிஸ்பன் போன்ற குன்று நகரங்களில் வரைபடத்தில் அறுநூறு மீட்டராகத் தெரிவது, நேரில் படிக்கட்டுகளாக நிமிர்ந்து நிற்கும். வெனிஸின் பழைய நகரத்துக்குள் காரே கிடையாது. நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலானவற்றில் படிகள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு எத்தனை பாலம் ஏறி இறங்க வேண்டும் என்பதுதான் அங்கே விடுதியின் தூரம். கரையில் இருக்கிற மெஸ்த்ரேவில் தங்கினால் வாடகை குறையும், ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடப் பயணம்தானே என்று பலர் அங்கே அறை எடுக்கிறார்கள். ஒருமுறை போய் ஒருமுறை வருகிறவருக்கு அது சரி. நடுப்பகலில் திரும்ப நினைக்கிறவர் நிலையத்துக்கு நடந்து, ரயிலுக்குக் காத்திருந்து, மறுபடி நடக்க வேண்டும். மதியம் அதிலேயே கரைந்துவிடும்.

வேறு சில நகரங்களுக்கு மையம் என்று ஒன்றே கிடையாது. டோக்கியோவை எடுத்துக்கொள். யாமனோத்தே என்ற ரயில் பாதை நகரத்தை வளையமாகச் சுற்றுகிறது; 34.5 கிலோமீட்டர், 30 நிலையங்கள், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். பார்க்க வேண்டிய இடங்கள் அந்த வளையத்தின் நான்கு பக்கமும் சிதறிக் கிடக்கின்றன. அங்கே மையத்தைத் தேடுவதைவிட, வளையத்தின் ஏதாவது ஒரு நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் அறை எடுப்பது புத்திசாலித்தனம். ஆனால் நிலையம் பக்கம் என்றால் நிலையத்தின் எந்த வாசல் பக்கம் என்று கேள். பெரிய நிலையங்களில் ஒரு வாசலுக்கும் மறு வாசலுக்கும் இடையிலான நடையே பத்து நிமிடத்தைத் தின்றுவிடும். லிஃப்ட் எந்த வாசலில் இருக்கிறது என்பதும் உன் அம்மாவுக்கு முக்கியம்.

இன்னொரு விஷயம் இரவின் புழுக்கம். மேகங்களுக்குப் பெயர் வைத்த லூக் ஹோவர்ட், இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு லண்டனில் வெப்பநிலையைப் பல ஆண்டுகள் குறித்துவைத்தார். சுற்றியுள்ள கிராமப்புறத்தைவிட நகரம் இரவில் சராசரியாக 2 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கூடுதல் வெப்பமாக இருந்ததைக் கண்டார். அந்த வேறுபாடு பகலில் இல்லை, இரவில்தான். கல்லும் செங்கல்லும் பகலில் குடித்த வெயிலை இரவில் மெல்ல வெளியே விடுகின்றன. இன்றைய தாரும் கான்கிரீட்டும் அதையே செய்கின்றன. ஆகவே இரண்டு விடுதிகள் மற்ற எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருந்தால், பூங்காவை ஒட்டியதையோ மரமடர்ந்த தெருவில் உள்ளதையோ எடு. மாலையில் காலாற நடக்க ஓர் இடமும் கிடைக்கும்.

அறையின் திசையைக் கேட்கத் தயங்காதே. மேற்குப் பார்த்த ஜன்னல் என்றால், நீ ஓய்வெடுக்க வருகிற அதே நேரத்தில் சாய்வெயில் கட்டில்வரை வந்துவிடும். பூமியின் வடபாதியில் வடக்குப் பார்த்த அறைதான் கோடைக்கு இதம். பல பழைய ஐரோப்பிய நகரங்களில் ஏ.சி. இல்லாத விடுதிகள் இன்னும் நிறைய இருக்கின்றன, அதனால் 'ஏ.சி. உண்டு' என்பது கட்டடத்துக்கா, நீ எடுக்கிற அறைக்கா என்று எழுத்தில் கேட்டு வாங்கு. மாடியிலும் ஒரு குழப்பம் உண்டு. ஐரோப்பாவில் 'முதல் மாடி' என்றால் ஒரு படிக்கட்டு ஏறியாக வேண்டும். அமெரிக்காவில் அதே சொல்லுக்குப் பெரும்பாலும் தரைத்தளம் என்று பொருள். தெருவைப் பார்த்த அறையா, உள்முற்றத்தைப் பார்த்த அறையா என்றால், நான் உள்முற்றத்தையே கேட்பேன். கோடையில் ஜன்னலைத் திறந்து வைத்தால் தெருவின் சத்தம் முழுவதும் உள்ளே வந்துவிடும்.

விமர்சனங்களைப் படிக்கும்போது மதிப்பெண்ணை விட்டுவிடு, மாதத்தைப் பார். குளிர்காலத்தில் தங்கியவர் கொடுத்த பத்துக்குப் பத்து உனக்குப் பயன்படாது. சென்ற கோடையில், நீ போகப்போகிற அதே மாதத்தில் தங்கியவர்கள் என்ன எழுதினார்கள்? தூக்கம், சத்தம், நடை, லிஃப்ட் என்ற சொற்களைத் தேடிப் படி. ஒரே குறையை மூன்று பேர் தனித்தனியாகச் சொல்லியிருந்தால் அதை நம்பு. நான் செய்யத் தவறியது அதுதான். ஆறு குறுக்கே இருக்கிறது என்று ஒருவர் எழுதியே இருந்தார். திரும்பி வந்த பிறகுதான் அதைப் படித்தேன்.

நட்சத்திரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உலகம் முழுவதற்கும் பொதுவான அளவுகோல் கிடையாது, நாட்டுக்கு நாடு விதி வேறு. பெரும்பாலும் எண்ணப்படுவது வசதிகள்: அறையின் அளவு, வரவேற்பறை திறந்திருக்கும் நேரம், இப்படி. விடுதி எங்கே இருக்கிறது என்பதற்கு எந்த நட்சத்திரமும் சாட்சி சொல்லாது. நீச்சல் குளம் உள்ள தூரத்து விடுதியைவிட, ஒன்றும் இல்லாத பக்கத்து விடுதியையே நான் எடுப்பேன்.

செலவைக் கணக்குப் போடும்போது வாடகையை மட்டும் வைத்து ஒப்பிடாதே. நீங்கள் நான்கு பேர். காலையில் போய் மதியம் வந்து, மாலையில் போய் இரவு வந்தால் ஒரு நாளைக்குப் பதினாறு டிக்கெட். ஐந்து நாளுக்கு எண்பது. இரவில் களைத்துப்போய் டாக்ஸி பிடிப்பது தனி. அதையெல்லாம் தூரத்து விடுதியின் வாடகையோடு கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடு. அப்போதும் பக்கத்து விடுதி கைக்கு எட்டாவிட்டால், நாட்களில் ஒன்றைக் குறைத்துக்கொள். ஐந்து நாள் அலைவதைவிட நான்கு நாள் நிம்மதியாகப் பார்க்கலாம். இதை உன் கணவரிடம் நான் சொன்னதாகவே சொல்.

பெரும்பாலான விடுதிகளில் பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குத்தான் அறை கொடுப்பார்கள். அதிகாலையில் போய் இறங்கும் ரயிலோ விமானமோ எடுத்தால், பெட்டிகளை வைத்துக்கொள்வார்களா, உன் அம்மா உட்கார இடம் இருக்குமா என்று முன்னதாகவே தொலைபேசியில் கேட்டுவிடு. அந்த ஒரு பேச்சிலேயே விடுதிக்காரர்களின் மனசும் தெரிந்துவிடும்.

கல்லூரிக் கடைசி ஆண்டில் நாம் இருவரும் விடுதி எதுவும் எடுக்காமல், ரயில் நிலையத்துக் காத்திருப்பு அறையில் முகம் கழுவிக்கொண்டு, தோளில் பையோடு நாள் முழுவதும் சுற்றிய அந்தப் பயணம் நினைவிருக்கிறதா? உன் செருப்பு அறுந்து, ஒரு கால் என் செருப்பிலும் ஒரு கால் வெறுங்காலிலுமாக நடந்தாய். அன்று நமக்குத் தூரம் என்ற ஒன்று இருந்ததே இல்லை. உன் மகளுக்கும் இப்போது அப்படித்தான் இருக்கும். மதியத்தில் நீயும் அம்மாவும் அறையில் இருங்கள், அவளை மட்டும் அப்பாவோடு இன்னும் ஒரு தெரு சுற்றிவர அனுப்பு. அறை பக்கத்தில் இருந்தால் அதுவும் முடியும்.

இங்கே வேறு பெரிய செய்தி இல்லை. அவர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். அதற்குப் பிறகு அம்மாவை அதே நகரத்துக்கு மறுபடி அழைத்துப் போக வேண்டும் என்று இருக்கிறோம். இந்த முறை ஆற்றுக்கு அந்தப் பக்கம் அறை பார்த்துவிட்டேன், அருங்காட்சியகத்திலிருந்து நான்கு நிமிட நடை, வழி முழுவதும் மரம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. காய்ச்சல் முழுவதும் விட்டதும் சொல்வேன்.

நீ இரண்டு மூன்று விடுதிகளைக் குறித்ததும், பணம் கட்டுவதற்கு முன்பு எனக்குப் பெயர்களை எழுது. ஒரு மாலை உட்கார்ந்து வரைபடத்தில் நடந்து பார்த்துச் சொல்கிறேன். உன் அம்மாவின் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது என்பதையும் மறக்காமல் எழுது. அதை வைத்துத்தான் தூரத்தைக் கணக்கிட வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி