ஊட்னடாட்டா பாதையில் வண்டியை நிறுத்திய பெரியவருக்கு

தென் ஆஸ்திரேலியாவில், வில்லியம் க்ரீக் வருவதற்குச் சற்று முன்னால் எங்கள் பின் டயர் கிழிந்து நின்றபோது உதவியவருக்கு நன்றி. பெயர் கேட்டேன்; தொப்பியை லேசாகத் தூக்கிச் சிரித்ததோடு சரி.

இந்தப் பாதை, மரீ என்ற ஊரிலிருந்து மார்லா வரை 600 கிலோமீட்டருக்கு மேல் மண் சாலை. எங்களிடம் ஒரே ஒரு ஸ்டெப்னி, அதிலும் பாதிக் காற்று. கிளம்பும் முன் குனிந்துகூடப் பார்க்கவில்லை, வெட்கம்தான். ஜாக்கி வேறு மண்ணில் புதைந்துகொண்டே போனது. நீங்கள் கனத்த பலகை ஒன்றைக் கொண்டுவந்து அடியில் வைத்தீர்கள். அப்புறம் கிழிசலில் விரலை விட்டுக் காட்டினீர்கள்: தரையில் உருளும் பக்கம் ஓட்டை என்றால் பஞ்சர் திரி செருகி ஓட்டிவிடலாம், பக்கச் சுவர் கிழிந்தால் டயர் போனதுதான். உங்கள் வண்டியில் 2 ஸ்டெப்னி இருந்த காரணம் அப்போதுதான் புரிந்தது.

ஸ்டெப்னிக்குக் காற்றடித்துவிட்டு, மற்ற டயர்களில் 38 பிஎஸ்ஐ இருந்த காற்றழுத்தத்தை 28க்கு இறக்கினீர்கள். கூர்ங்கல் மேல் ஏறும்போது டயர் வளைந்து கொடுக்குமாம். வேகத்தையும் குறைக்கச் சொன்னீர்கள். தார்ச் சாலை வந்ததும் மறுபடி ஏற்றச் சொன்னீர்களே, அதற்கான கம்ப்ரஸரே எங்களிடம் இல்லை. கூபர் பீடி ஊரில் முதலில் வாங்கியது அதைத்தான், ஐயா.