ராஜிக்கு, 'தாமஸின் இதயம்' பற்றி

அன்புள்ள ராஜி,

இங்கே எல்லோரும் சுகம். உன் முட்டிவலி தேவலையா?

'தாமஸின் இதயம்' என்கிற அந்த ஜப்பானியப் படக்கதையைப் படிக்க ஆரம்பித்துப் பாதியில் மூடிவிட்டாயாமே! "எல்லாப் பையனுக்கும் ஒரே மூஞ்சி, தலைப்பில் இருக்கிறவனே முதலில் செத்துப்போகிறான்" என்று சுதாவிடம் புலம்பல் வேறு. சுதாவிடம் போய்ச் சொன்னாய் பார்!

முகத்தை விடு, முடியைப் பார். மை அப்பிய கறுப்பு முடி என்றால் யூலி. நேராக விழும் வெளிர்முடி, கொஞ்சம் உயரம், ஆஸ்கர். சுருட்டை முடி எரிக். தாமஸும் எரிக்கும் மட்டும் அச்சு அசல் ஒன்று. கதையை எழுதி வரைந்த ஹாகியோ மோட்டோ வேண்டுமென்றே செய்த வேலை அது. தன்னை நேசித்துச் செத்தவன் முகத்தோடு ஒருவன் பள்ளியில் வந்து சேர்ந்தால் யூலி எங்கே ஓடுவான்?

வலமிருந்து இடமாகப் படிக்கிறாய்தானே? பேச்சு பலூனுக்கு வெளியே மிதக்கும் வரிகளைத் தாவாதே. அவை பெரும்பாலும் மனசுக்குள் ஓடுவது. யூலி வாயால் சொல்வதை நம்பினால் கதை பிடிபடாது.

காதல் கதை என்று உட்கார்ந்தால் ஏமாந்துதான் போவாய். மூத்த மாணவன் ஒருவன் செய்த கொடுமைக்குப் பிறகு, தான் யாருடைய அன்புக்கும் லாயக்கில்லை என்று முடிவுகட்டிக்கொண்ட பையன் யூலி. சட்டைக்குள் தழும்பை மறைத்துக்கொண்டு ஒழுங்கான மாணவர் தலைவனாக நடமாடுகிறான். அந்தத் தழும்பு வெளியே வர அத்தனை பக்கம் வேண்டும், ராஜி. நாலு வாரத்தில் சொல்லிவிட்டால் அது வெறும் வம்பு.

நாலைந்து வாரத்தில் முடித்துக்கொள் என்றுதான் பத்திரிகைக்காரர்கள் ஹாகியோவை நெருக்கினார்கள். 1974-இல் 'ஷோஜோ காமிக்' என்கிற பெண்கள் வார இதழில் முதல் பகுதி வந்தபோது வாசகர் ஓட்டில் கடைசி இடம். ஹாகியோ இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று மன்றாடி இழுத்துக்கொண்டிருந்தார். அதற்குள் அவருடைய இன்னொரு படக்கதையான 'போ குடும்பம்' முதல் தொகுதி 30,000 பிரதிகள் மூன்றே நாளில் தீர்ந்தது. ஆசிரியர் குழு வாயை மூடிக்கொண்டது. தொடர் 33 வாரம் ஓடியது.

பெண்கள் பத்திரிகையில் பையன்கள் எதற்கு என்கிறாள் சுதா. இதற்கு முன்னோடியான 1971 சிறு படக்கதை 'நவம்பர் ஜிம்னாசிய'த்தை (ஜிம்னாசியம் என்றால் ஜெர்மனியில் மேல்நிலைப் பள்ளி) பெண்கள் பள்ளியாகவும் வரைந்து பார்த்தவர்தான் ஹாகியோ. சரிப்படவில்லை, பையன்களாக்கியதும் கை தடையில்லாமல் ஓடியிருக்கிறது. இதை அவளிடம் சொல்.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பி, ஒரே மூச்சில் விழுங்காதே. முடித்ததும் புத்தகத்தை எனக்கே அனுப்பு. சுதா கைக்குப் போனால் காப்பிக் கறையோடுதான் திரும்பும்.

அன்புடன்,
வசு