மழை மேல் பழி போடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

‘மழையால் பறிபோன வெற்றி’ என்று தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கால்பந்துச் செய்தியைப் படித்தேன். மழை இரண்டு அணிக்கும் சேர்த்துத்தான் பெய்தது. புல் நனைந்து மட்டும் இருந்தால், பந்து தரையில் பட்டதும் வேகம் குறையாமல் சறுக்கிப் பாயும். நீர் தேங்கிய இடத்தில் அதே பந்து சட்டென நின்றுவிடும். இது தெரிந்தும் சொந்த கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி பகுதியின் குறுக்கே பாஸ் கொடுப்பதும், கோல்கீப்பருக்கு மெதுவாகப் பந்தைத் திருப்பி அனுப்புவதும் அலட்சியமே. கோல்கீப்பரும் வேகமாக வரும் ஈரப் பந்தைப் பிடித்தே தீருவேன் என்று நிற்கக் கூடாது. பந்துக்குப் பின்னால் உடலைக் கொண்டுவந்து, பக்கவாட்டில் தட்டிவிட வேண்டும். நேராகத் தட்டினால் அது எதிரணி முன்கள வீரரின் காலுக்குத்தான் போகும். மழை ஆட்டங்களில் விழும் கோல்களில் பல இந்த வகைதான்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வியாசர்பாடி, பெரம்பூர் மைதானங்களில் கவனித்தால், அடியில் உள்ள பிடிப்புக் குமிழ்கள் (ஸ்டட்) தேய்ந்து குட்டையான பூட்ஸில் சேறு அப்பிக்கொண்டு, திரும்பும்போது சறுக்கி விழுவோரே அதிகம். (ஸ்டட் இடுக்கில் உள்ள சேற்றை இடைவேளையில் சுரண்டி எடுப்பவர்கள் குறைவு.) மழை என்றதும் பயிற்சியை ரத்து செய்யாமல், இடி மின்னல் இல்லாத நாள்களில் வாரம் ஒருமுறை 30 நிமிடமாவது, வாளி நீரில் முக்கி எடுத்த பந்தைக் கொண்டு பயிற்றுநர்கள் பழக்கலாம். தங்கள் செய்தியாளர்களும் ஆட்ட விவரத்தோடு மைதானத்தின் நிலையை ஒரு வரி குறிப்பிடலாம்.

கால்பந்துப் பயிற்சியாளர்,
வியாசர்பாடி, சென்னை-39